எண்ணெய் குடிக்கிற வண்டியும் எண்ணெயில குளிக்கிற வண்டியும்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க சார், எனக்கு வேண்டாம். வெளிய மரம், வீடெல்லாம் ஓடுறதப் பாத்தா இப்பல்லாம் தலை சுத்துது. முன்னாடி இப்படி இல்ல, இந்த ஒரு சீசன்லதான். நீங்க ஆத்தூர்ல இறங்கணுமா? நானும் ஆத்தூருதான். அப்ப நேரம் இருக்கு, சொல்றேன்.

என் குரல எங்கயோ கேட்ட மாதிரி இல்ல? இல்லையா? சரி, இப்பக் கேளுங்க. "அன்பார்ந்த பெரியோர்களே! அருமைத் தாய்மார்களே! செங்குத்துச் சுவரில் சீறிப் பாயும் வீர மங்கை செவ்வந்தி! இதோ, இன்னும் சில நிமிடங்களில்! இதயம் பலவீனமானவர்கள் தயவுசெய்து ராட்டினத்துக்குச் செல்லவும்!" பாத்தீங்களா, முன்சீட்டு அம்மா திரும்பிப் பாக்குறாங்க. அவங்க கேட்டிருக்காங்க.

மரணக் கிணறுதான் சார். திருவிழாவுல, பொருட்காட்சியில பாத்திருப்பீங்க. பலகையால கட்டின பெரிய கிணறு, தண்ணி கிடையாது. ஜனம் மேல சுத்தி நின்னு உள்ள எட்டிப் பாக்கும். கீழ வண்டியக் கிளப்பி, சாய்வுப் பலகையில வேகம் எடுத்து, அப்படியே சுவத்துல ஏறி, படுக்கையா ஓட்டணும். அது நம்ம கிணறு. நம்மதுன்னா, செவ்வந்தியோட அப்பா கட்டினது. ஓட்டுறது செவ்வந்தி. செவ்வந்தி என் சம்சாரம். என் பேரு கோதண்டம். மத்ததெல்லாம் நான்தான்.

மத்ததெல்லாம்னா என்னன்னு கேப்பீங்க. மைக் சார், மைக்! ஒரு பொம்பள சும்மா சுவத்துல சுத்துனா ஜனம் எவ்வளவு நேரம் பாக்கும்? "ஐயோ, அடுத்த சுத்துல என்ன ஆகுமோ"ன்னு அவங்க வயித்தக் கலக்குறவன் ஒருத்தன் வேணுமில்ல? அது நான். பாதி ஆட்டம் என் வாயில இருக்கு. மீதிப் பாதி புகையில இருக்கு. இடையில அவ வண்டி ஓட்டுவா.

அந்தப் புகைதான் சார் கதையே.

எங்க பழைய வண்டி டூ ஸ்ட்ரோக். பெட்ரோல்லயே எண்ணெயக் கலந்து ஊத்தணும். எங்ககூடவே ஊர் ஊரா வர்ற மெக்கானிக் ஒருத்தன் இருக்கான், இதயத்துல்லான்னு பேரு, நாங்க துல்லான்னு கூப்பிடுவோம். அவன் அழகாச் சொல்லுவான். அந்தக் கலவை முதல்ல இஞ்சினோட அடிவயித்துக்குள்ள போகுமாம். அங்க இருக்கிற பேரிங்கு, ராடு எல்லாத்துக்கும் போற போக்குல எண்ணெயத் தடவிட்டு, அப்புறம் மேல ஏறி, பெட்ரோலோட சேந்து அந்த எண்ணெயும் எரிஞ்சு புகையாப் போயிரும். பிஸ்டன் ஒரு தடவ மேல போயி கீழ வர்றதுக்குள்ள ஒரு வெடி. அடுத்த தடவைக்கு அடுத்த வெடி. நடுவுல மூச்சு விடுற பழக்கமே கிடையாது. கிட்டத்தட்ட என்னை மாதிரி.

என்னா சத்தம் சார்! என்னா வாசம்! ஊதாப் புகை கிணத்துலேர்ந்து குபுகுபுன்னு மேல வரும். வெளிய நிக்கிறவன் அதப் பாத்தே டிக்கெட்டுக்கு ஓடி வருவான்.

ராசிபுரத்துல ஒரு ஞாயித்துக்கிழமை. செவ்வந்தி என்னைக் கூப்பிட்டு, "ஏங்க, பெட்ரோல் வாங்கிட்டு வந்து டேங்க்ல ஊத்திருங்க. எண்ணெய் கலக்க மறந்துறாதீங்க"ன்னா. போனேன். பங்க்ல ஒருத்தன் என் குரல அடையாளம் கண்டுக்கிட்டான். "அண்ணே, என் போன்ல ஒரு தடவ பேசுங்கண்ணே"ன்னான். பேசினேன். அவன் மச்சானுக்கு ஒரு தடவ பேசினேன். ஜனம் கூடிருச்சு. நமக்கும் இதெல்லாம் ஒரு கடமை இல்லையா சார்? அப்புறம் அவசரமா வந்து டேங்க ரொப்பினேன். எண்ணெய் கலந்தேனா, கலக்கலையாங்கிறதுல இன்னிக்கு வரைக்கும் ஒரு கருத்து வேறுபாடு இருக்கு. நான் அதுக்குள்ள போக விரும்பல.

அன்னிக்கு நல்ல கூட்டம். செவ்வந்தி சுவத்தோட உச்சிக்குப் போயிட்டா. மேல இருந்து கை நீட்டினா தொட்டுரலாம், அவ்வளவு உசரம். திடீர்னு வண்டிச் சத்தம் மாறுச்சு. தொண்டை வறண்டவன் பேசுற மாதிரி ஒரு கரகரப்பு. அப்புறம் "கிரீச்"னு ஒண்ணு. எண்ணெய் இல்லாம பிஸ்டன் சூடேறி உப்பி, சிலிண்டரோட ஒட்டிக்கிச்சு. பின்சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நின்னு பலகையத் தேச்சுக்கிட்டே போகுது.

அவ கிளச்சப் புடிச்சிட்டா சார். எப்ப புடிச்சா, எப்படிப் புடிச்சா, தெரியாது. இஞ்சினோட பிடி விட்டு, சக்கரம் திரும்ப உருண்டுச்சு. இஞ்சின் செத்துப் போச்சு, சத்தமே இல்ல, பலகை மட்டும் டகடகன்னு அதிருது. இருந்த வேகத்துலயே சுத்திச் சுத்தி, இறங்கி இறங்கி, கீழ வந்து நின்னா.

கூட்டத்துக்கு என்ன நடந்துச்சுன்னே புரியல. அப்ப நான் மைக்க எடுத்தேன். "உலகத்திலேயே முதல் முறையாக! இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிக் காட்டினார் வீர மங்கை!" கைதட்டல் பாருங்க, பலகை பேந்துரும் போல. அந்த நிமிசம் ஆட்டத்தக் காப்பாத்தினது யாரு? நீங்களே சொல்லுங்க.

கீழ போனேன். அவ வண்டிக்குப் பக்கத்துல மண்ணுல உக்காந்திருந்தா. டேங்க் மூடி கையில இருந்துச்சு. "கைதட்டலக் கேட்டியா புள்ள?"ன்னேன்.

"எண்ணெய் ஊத்துனீங்களா?"

"இப்பல்லாம் எங்க பாத்தாலும் கலப்படம் ஜாஸ்தி புள்ள..."

அவ என்னை ஒரு பார்வ பாத்தா. அன்னிக்கு முழுக்கச் சாப்பிடல. பழைய வண்டி மேல அவ்வளவு பாசம் போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

இப்ப என் வருத்தத்துக்கு வர்றேன் சார். என்னை ஒரு வார்த்தை கேக்காம, அவளும் துல்லாவும் போயி ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி வாங்கிட்டு வந்துட்டாங்க. நான் புருசன், மைக் என் கையில, எனக்குத் தகவல் கிடையாது!

"இதுல என்னடா விசேசம்?"னு துல்லாகிட்டக் கேட்டேன்.

"இதுல எண்ணெய் தனியா அடியில இருக்குண்ணே. பம்பு அத மேல இழுத்து பிஸ்டன், பேரிங்கு எல்லாத்துக்கும் குடுக்கும். குடுத்தது திரும்பக் கீழயே வந்துரும். பழசு எண்ணெயக் குடிக்கிற வண்டி. இது எண்ணெயில குளிக்கிற வண்டி. பெட்ரோல்ல எதையும் கலக்க வேண்டாம். யாரு வாங்கிட்டு வந்து ஊத்துனாலும் பயமில்ல."

அந்தக் கடைசி வார்த்தையச் சொல்லும்போது அவன் ஏன் செவ்வந்தியப் பாத்தான், அவ ஏன் தரையப் பாத்தாங்கிறது எனக்கு இன்னும் புரியல. மைலேஜ்ல மயங்கிட்டாங்கன்னு வச்சுக்குங்க.

ஆனா நான் விடல. நான் ஒரு கேள்வி கேட்டேன் சார், இஞ்சினியர் யோசிக்க வேண்டிய கேள்வி. "டேய், எண்ணெய் அடியில இருக்குங்கிற. தரையில ஓடுற வண்டிக்கு அடி கீழ இருக்கு, சரி. சுவத்துல வண்டி படுத்துக்கிட்டுல்ல ஓடுது? எண்ணெய் ஒரு பக்கமா வழிஞ்சு போயிராதா? பம்பு காத்தத்தான இழுக்கும்? திரும்ப பிஸ்டன் ஒட்டிக்காதா?"

துல்லா சிரிச்சான். டீ வாங்கிட்டு வந்த தூக்குவாளிய எடுத்து, மூடியத் திறந்து, கைய நீட்டிச் சர்ருசர்ருன்னு சுத்தினான். ஒரு சொட்டு சிந்தல. "பாத்தீங்களாண்ணே? சுத்துற வேகத்துல டீ வாளியோட அடியிலயே அமுங்கி நிக்குது. அதே மாதிரிதான், சுவத்துல சுத்தும்போது எண்ணெய் சக்கரத்துப் பக்கமே அமுங்கி நிக்கும். வண்டிக்கு அது சுவருன்னே தெரியாது, ரோடுன்னு நினைச்சுக்கும்."

"அது டீ"ன்னேன். "டீ வேற, எண்ணெய் வேற. எண்ணெய் வழுக்கும்."

வாதத்துல நான் ஜெயிச்சுட்டேன் சார். வாளிய வச்சிட்டுப் போயிட்டான்.

புது வண்டிக்கு முதல் ஆட்டம் ஓமலூர்ல. நான் ஆகா ஓகோன்னு தொண்டையக் கிழிச்சு அறிவிப்புக் குடுத்து ஆள் சேத்திருக்கேன். வண்டி கிளம்புது. என்னா சத்தம்ங்கிறீங்க? குர்ர்ர்னு மாவு அரைக்கிற மாதிரி. ஃபோர் ஸ்ட்ரோக்ல காத்தையும் பெட்ரோலையும் இழுக்குறது, நசுக்குறது, வெடிக்கிறது, புகையத் தள்ளுறதுன்னு நாலு வேலையத் தனித்தனியா செய்யுமாம். பிஸ்டன் ரெண்டு தடவ மேல கீழ போனாத்தான் ஒரு வெடி. பாதி வெடிய யாரோ திருடிக்கிட்டுப் போன மாதிரி இருக்கு எனக்கு. துல்லா சைலன்சரக் கழட்டி விட்டான், சத்தம் கொஞ்சம் வந்துச்சு. ஆனா புகை? ஒரு இழை கிடையாது. செவ்வந்தி சுவத்துல என்னென்னமோ பண்றா, மேல நின்ன ஒருத்தன் சொல்றான், "ஏம்ப்பா, பேட்டரி வண்டியா? அந்தம்மா பால் வாங்கப் போற மாதிரில்ல போகுது!"

எனக்கு எப்படி இருக்கும்? மைக்கப் புடிச்சுக்கிட்டு "மரண ஓட்டம்"னு நான் சொல்றேன், கீழ குளியல் போட்ட புள்ள மாதிரி சுத்தமா ஒரு வண்டி சுத்துது.

ஆட்டத்துக்கு ஒரு பொறுப்பு வேணும் சார். பழைய எண்ணெய் டப்பா ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. மறுநாள் யாரும் பாக்காதப்ப புது வண்டி டேங்க்ல கொஞ்சம் ஊத்தினேன். கொஞ்சம்னா, கொஞ்சம். ஒருத்தருக்கும் கெடுதல் நினைக்கல. எண்ணெய் போதலன்னுதான பழைய வண்டி போச்சு? அப்ப ஊத்துறது நல்லதுதான?

ஊதாப் புகை வந்துச்சு சார்! ஜனம் "ஓ"ன்னு கத்துச்சு. துல்லா மட்டும் மூக்கச் சுளிச்சுக்கிட்டு சைலன்சர் குழாய மோந்து மோந்து பாத்தான். "ஏதோ எரியுதே"ன்னான். "உனக்கு வயிறு எரியுது"ன்னேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் ஊத்தினேன். அதுக்கு மறுநாள் டப்பாவுல இருந்தத வீணாக்குவானேன்னு கவுத்துட்டேன்.

அன்னிக்கு அவ பாதிச் சுவத்துல இருக்கும்போது வண்டி விக்க ஆரம்பிச்சுருச்சு. விக், விக், விக்... நல்லவேளை, சீக்கிரமே சுதாரிச்சு இறங்கிட்டா. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா அவ கீழ வந்து நின்னதும் எனக்கு முதல்ல தோணினது என்னன்னா, நான் சொன்னது பலிச்சிருச்சு!

"சொன்னேனா இல்லையா?"ன்னு ஓடினேன். "எண்ணெய் ஒரு பக்கமாப் போயிருச்சு! பம்பு காத்த இழுத்துருச்சு! டீ வேற, எண்ணெய் வேறன்னு அன்னிக்கே சொன்னேன்!"

துல்லா ஸ்பார்க் பிளக்கக் கழட்டினான். கரி புடிச்சு, பிசுபிசுன்னு, ஈரமா இருந்துச்சு. செவ்வந்தி அத வாங்கி, விரலால தடவி, மோந்து பாத்தா. அப்புறம் என் கையப் புடிச்சு, என் விரலையும் மோந்து பாத்தா.

திட்டுவான்னு பாத்தேன். திட்டல. அதான் சார் பயம். "நீங்க சொல்றது சரியா இருக்குமோ என்னமோ"ன்னா, ரொம்ப அமைதியா. "பாத்துருவோம்."

அந்த ஆட்டம் அதோட முடிஞ்சு கூட்டம் கலையுற நேரம். நான் தண்ணி குடிக்க மைக்கக் கீழ வச்சேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ மைக்கத் தொட்டது கிடையாது. எடுத்தா. "எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. நாளைக்கு என் வீட்டுக்காரரும் எங்கூட வண்டியில சுவத்துல ஏறுறாரு. இஞ்சின் எண்ணெய் சாயுதா, நேரா நிக்குதான்னு அவரே பாத்து மைக்ல சொல்லுவாரு. எல்லாரும் வந்துருங்க."

அவ்வளவுதான். அலங்காரம் ஒண்ணும் கிடையாது, குரல்ல ஏத்த இறக்கம் கிடையாது. ஆனா ஊரே விசில் அடிக்குது! "அதெல்லாம் முடியாது"ன்னு நான் சொல்லலாம்னா மைக் அவ கையில இருக்கு.

சார், இத்தன வருசத்துல நான் அந்தச் சுவத்துல ஏறினதே இல்ல. நான் நிர்வாகம். மறுநாள் கூட்டம் தேர்த் திருவிழாவுக்கு மேல. டேங்கக் கழுவி, புது பெட்ரோல், புது பிளக்கு. ஹேண்டில் நடுவுல ஒரு கண்ணாடி பாட்டிலக் கட்டி, பாதிக்கு இஞ்சின் எண்ணெய ஊத்தி வச்சான் துல்லா. என் சட்டையில ஒரு சின்ன மைக்கக் குத்தி விட்டான். குத்தும்போது, "அண்ணே, கண்ண மட்டும் திறந்து வைங்க, அப்பத்தான் பாக்க முடியும்"னான்.

நான் பின்னாடி உக்காந்து அவ இடுப்பக் கட்டிக்கிட்டேன். வண்டி சாய்வுல ஒரு சுத்து சுத்துச்சு. அப்புறம் உலகம் ஒரு பக்கமாக் கவுந்துருச்சு சார். என் கன்னம், வயிறு, எல்லாம் மூட்டை கட்டி சீட்டோட அமுக்கின மாதிரி இருக்கு. நான் உணர்ச்சிபூர்வமா வர்ணனை குடுத்தேன்னு நான் சொல்றேன். "ஐயோ, அம்மா, செவ்வந்தி, தாயே, எறக்கி விடு, இனிமே ஊத்த மாட்டேன், சாமி சத்தியமா டேங்க்லயே கை வைக்க மாட்டேன்"னு கதறினேன்னு ஜனம் சொல்லுது. ஒலிபெருக்கி சரியில்லாம இருந்திருக்கலாம்.

"பாட்டிலப் பாருங்க!"ன்னு கத்துறா அவ.

கண்ணைத் திறந்தேன். சார், நீங்க இறங்கிப் போயிருவீங்க, அதனால சொல்றேன். எண்ணெய் பாட்டிலோட அடியிலதான் இருந்துச்சு. கடை மேஜை மேல வச்ச மாதிரி, அசையாம, சமமா. பாட்டிலக் கோணலாக் கட்டியிருப்பான் துல்லா, அதுவும் ஒரு காரணம்.

ஆனா நான் பாத்தது அது மட்டும் இல்ல. பாட்டிலுக்குப் பக்கத்துல அவ இடது கை. ரெண்டு விரல் கிளச்சு மேலயே இருந்துச்சு. அழுத்தல, சும்மா வச்சிருந்தா. எத்தன சுத்து சுத்தினாலும் அந்த விரல் அங்கேர்ந்து நகரல. கீழ இறங்கினதும், நான் தரையில படுத்துக் கிடக்கும்போது கேட்டேன், "ஏன் புள்ள, எப்பவும் கிளச்சுல விரல் வச்சிருக்க?"

"ராசிபுரத்துக்கு அப்புறம் பழகிருச்சு"ன்னா.

எனக்கும் பேச்சு வராத நேரம்னு ஒண்ணு இருக்கு சார்.

சரி, விடுங்க. அதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மறுநாளும் அதே கூட்டம். "எங்க அந்த ஆளு? அந்த ஆள ஏத்துங்க!"ன்னு கத்துறாங்க. புகையக் கேக்கல, சத்தத்தக் கேக்கல, என்னைக் கேக்குறாங்க! இப்ப ஆட்டத்துக்கு ஒரு தடவ நான் ஏறியே ஆகணும். மேல மைக்ல பேசுறது செவ்வந்தியோட தங்கச்சி. நல்லாத்தான் பேசுது, ஏத்த இறக்கம் பத்தாது. ஆத்தூருக்கு நான் முன்னாடியே போறது போஸ்டர் ஒட்டத்தான். இந்தாங்க, பாருங்க. ஆமா, நான்தான். வாயத் திறந்திருக்கேன் இல்ல, அது கத்துறது இல்ல சார், பாடுறது. கீழ "அலறும் கோதண்டம்"னு அச்சுக்காரன் தப்பாப் போட்டுட்டான்.

நேத்து தாரமங்கலத்துல கடைசி ஆட்டம். யார்கிட்டயும் சொல்லாதீங்க, எனக்குப் பயம் போயிருச்சு சார். தினம் தினம் ஏறி ஏறிப் பழகிருச்சு. வண்டி சுவத்துல சுத்துது, நான் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு மேல தெரியுற முகத்தையெல்லாம் பாத்துக்கிட்டு வர்றேன். சுகமா இருக்கு. மைக்ல ஒரு சத்தமும் இல்ல. கூட்டத்துக்குப் பொசுக்குன்னு ஆயிருச்சு. "யோவ், கத்துய்யா!"ன்னு ஒருத்தன் மேல இருந்து கேக்குறான். கத்திப் பாத்தேன். வரல. பொய்க் கத்தல் ஜனத்துக்குத் தெரிஞ்சிரும் சார், இத்தன வருசம் மைக் புடிச்சவன் சொல்றேன்.

செவ்வந்தி திரும்பாமலே கேட்டா. "ஏங்க, பயம் போயிருச்சா?"

"சுத்தமாப் போயிருச்சு புள்ள"ன்னேன், பெருமையா. அது ஊருக்கே கேட்டுச்சு.

"நல்லது"ன்னா. சொல்லிட்டு, கிளச்சுல இருந்த விரலையும் எடுத்துட்டு, ரெண்டு கையையும் ஹேண்டில்லேர்ந்து விட்டுட்டு, அவுந்து கிடந்த முடிய அள்ளிக் கொண்டை போட ஆரம்பிச்சா.

நான் என்ன கத்தினேன்னு எனக்குத் தெரியாது. வெளிய நின்ன பஞ்சுமிட்டாய்க்காரர் கடையப் போட்டுட்டு ஓடி வந்தாராம். அவளோ அவசரமே படல. பொறுமையா முடியச் சுருட்டி, முடிச்சு, சட்டைப் பையிலேர்ந்து ஒரு கொண்டை ஊசிய எடுத்துச் சொருகி, சரியா நிக்குதான்னு ஒரு தடவ தட்டிப் பாத்துட்டுத்தான் சார் ஹேண்டிலத் தொட்டா.